அம்மாவின் தலைச்சுத்தும் உன் மணிக்கூட்டு வேலையும்

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது நல்ல சுகம். நேற்றுத் திண்ணையில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கினா. போன மாதம் குனிந்தாலே வீடு சுத்துது என்று தூணைப் பிடித்துக்கொண்டவ. பிரஷர் என்று நினைத்துத்தான் கொண்டுபோனோம்.

டொக்டர் அம்மாவைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் சரித்தார். நான் கிட்ட நின்றேன். சில வினாடிகளில் இரண்டு கண்மணியும் தன்பாட்டில் துடிக்கத் தொடங்கின. மெல்ல ஒரு பக்கம் இழுபடும், வெடுக்கென்று மற்றப் பக்கம் திரும்பும். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் கால்வாய் ஒன்றுக்குள் போயிருக்காம். தலை ஆடாமல் இருந்தாலும் ‘சுழல்கிறது’ என்று காது பொய்ச் செய்தி அனுப்ப, கண் அதை நம்பித் திரும்புகிறது. தலையைப் படிப்படியாகத் திருப்பியே துகளைக் கால்வாயிலிருந்து வெளியேற்றிவிட்டார். மருந்தே இல்லை!

காது சொல்லக் கண் கேட்கும் இந்த ஏற்பாடு எல்லாருக்கும் நாள் முழுக்க நடக்கிறது. தலை அசைந்து ஏறத்தாழ நூறில் ஒரு வினாடிக்குள் கண் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இந்தக் கடிதத்தை மேசையில் வைத்து, தலையை வேகமாக இடம் வலம் ஆட்டி வாசித்துப் பார். எழுத்து நிற்கும். பிறகு தலையை நிறுத்திவிட்டு, அதே வேகத்தில் கடிதத்தை ஆட்டு. எழுத்து கரைந்துபோகும். கண்ணே பார்த்துத் திருத்த வேண்டுமென்றால் அவ்வளவு பிந்துகிறது.

உனக்கு எழுத நினைத்தது இதற்குப் பிறகுதான். யாழ்தேவி ரயிலில் போகும்போது தண்டவாளக் கரையோரத்துக் கம்பங்கள் பறக்கும், தூரத்துப் பனைகள் மெல்ல நகரும், இல்லையா? தலை பக்கவாட்டில் 2 சென்ரிமீற்றர் நகர்ந்தால், தூரத்தில் தெரியும் இரணைமடுக் குளக்கட்டைப் பார்க்கிற கண் திரும்பவே தேவையில்லை. 20 சென்ரிமீற்றரில் இருக்கும் மணிக்கூட்டுப் பற்சில்லைப் பார்க்கிற கண்ணோ கிட்டத்தட்ட 6 பாகை திரும்ப வேணும். வெறுமனே தலையைத் திருப்பினாலும் அப்படித்தான். கண் இருப்பது கழுத்தின் அச்சுக்கு முன்னால், அதனால் தலை திரும்பக் கண்ணும் இடம் பெயர்கிறது. ஆக, கிட்டப் பொருளுக்குத் தலை திரும்பியதைவிடக் கண் கூடுதலாகத் திரும்ப வேணும்.

எவ்வளவு கூட என்று காதுக்குத் தெரியாது. அது அசைவை மட்டும் அறியும். கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் சாய்கின்றனவே, அந்தச் சாய்வை வைத்து மூளை தூரத்தை அறிந்து, கண் திரும்பும் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. மூச்சு விட்டாலே ஆடுகிற உடம்பை வைத்துக்கொண்டு, வவுனியாவில் அத்தனை வருசமாக நீ மயிர் மாதிரிக் கம்பிச்சுருளை நிமிர்த்துகிறாய். அது கைத்திறன் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வீட்டுச் சுவர் மணிக்கூடு நின்றுவிட்டது. அருவி வெட்டு முடிய ஒருக்கா வா, ஆயுதப் பெட்டியையும் கொண்டு வா. நீ திருத்தும்போது முன்னால் இருந்து உன் கண்ணைப் பார்க்கப் போகிறேன்.

உன் கூட்டாளி