தோட்டத்துக் கதவு

நாகர்கோவில்,
மாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குத் தோட்டத்துக் கதவுதான் காரணம். பத்து நாளாகக் கையெல்லாம் மரத்தூள்.

அந்தக் கதவு உனக்கு நினைவிருக்கும். கிணற்றடிக்குப் போகும் வழியில் அப்பா போட்ட அயனிப் பலகைக் கதவு. நாம் அதில் தொங்கி ஆடி அடி வாங்கியிருக்கிறோம். இங்கே ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. அது நனைந்துகொண்டே நிற்கும். கீழ்ப்பக்கம் கறுத்துப் பொடிய ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் பெயிண்ட் அடிக்க வந்தவர் ஓட்டையில் பட்டி வைத்து மேலே பூசிவிட்டுப் போனார். பார்க்கப் புதிதுபோல இருந்தது. உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடந்தது. மரத்தை மக்க வைப்பது பூஞ்சைதான். ஈரம் இருக்கும்வரை அதற்குக் குறைவில்லை.

எல்லோரும் இரும்பு கேட் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. கீலைக் கழற்றி, கதவை மாமரத்தடியில் இரண்டு முக்காலிமேல் படுக்கவைத்து, ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன். கீழே 6 அங்குலம் வரை ஊறின அவலில் இறங்குவதுபோல இறங்கியது. அதற்கு மேலே நுனி ஏறவே இல்லை. அயனி அல்லவா! கேரளத்தில் பந்தயம் விடும் நீளப் படகுகளான சுண்டன் வள்ளங்களுக்கே அந்த மரத்தைத்தானே தேடுகிறார்கள். ஏன் அடி மட்டும் கெட்டது என்பதும் புரிந்தது. பலகையின் பக்கவாட்டில் தண்ணீர் மெல்லத்தான் நுழையும். அறுத்த முனையில் அப்படியில்லை. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீர் ஏறிய நுண்குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. அந்த முனை மழைக்காலம் முழுக்கச் சேற்றைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆசாரியைக் கூப்பிட்டேன். கெட்டதை மட்டுமல்ல, அதற்கு மேலே நல்ல மரத்திலும் இரண்டு அங்குலம் சேர்த்து அறுத்தார். அதுவும் நேராக இல்லை, சாய்வாக. ஒட்டில் இறங்கும் தண்ணீர் உள்ளே தங்காமல் வெளிப்பக்கம் வழிந்துவிட வேண்டுமாம். பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கி வைத்திருந்த அயனித் துண்டு அவரிடம் இருந்தது. பச்சை மரம் வைத்தால் காயும்போது சுருங்கி ஒட்டு வாய் பிளக்கும். இது காய்ந்து முடிந்த மரம். ரேகை ஓட்டம் மேலும் கீழும் ஒன்றாக வரும்படி திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். அந்தப் பொறுமையைப் பக்கத்திலிருந்து பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அரால்டைட் பசையைக் குழைத்துப் பூசி, பித்தளைத் திருகாணி போட்டு, 24 மணி நேரம் இறுக்கிக் கட்டி வைத்தோம். இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும்.

ஒட்டு காய்ந்த பிறகுதான் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய். முதலிலேயே தடவினால் பசை பிடிக்காது. அடிமுனைக்கு மட்டும், அது குடிப்பதை நிறுத்தும்வரை, நாலு தடவை விட்டேன். கறையானும் அண்டாது. நீ செய்வதானால் கட்டாயம் கையுறை போட்டுக்கொள், தோலைப் பொள்ள வைத்துவிடும். கதவை இப்போது தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி மாட்டியிருக்கிறோம்.

உன் கொல்லைப்புற ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் உப்பியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, மேலே இன்னொரு பூச்சு அடிக்காதே. முதலில் அந்த இடத்தைக் குத்திப் பார்த்து எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுது. சரியான துண்டு கிடைக்குமா என்று ஆசாரியிடம் கேட்டு வைக்கிறேன்.

பங்குனியில் நீயும் தங்கச்சியும் வாருங்கள். கீலுக்கும் எண்ணெய் விடலாம் என்று போனேன், வீட்டுக்காரி விடவில்லை. யார் வருகிறார்கள் என்று அவளுக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியுமாம். அதனால் கதவு இன்னும் பழையபடிதான் கிறீச்சிடுகிறது.

அன்புடன்,
உன் நண்பன்