விமலைக் களம்வரை கொண்டுவந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

விமல் யோகநாதன் என்ற பெயரை நம்மில் பலர் 2024 ஆகஸ்ட்டில்தான் முதன்முதலாகக் கேட்டோம். இங்கிலாந்தின் லீக் கோப்பையின் முதல் சுற்றில் விகன் அத்லெட்டிக் அணிக்கு எதிராக பார்ன்ஸ்லி அணியின் சிவப்புச் சட்டையுடன் அவர் களமிறங்கினார். வயது பதினெட்டு. மத்தியகள வீரர். பெற்றோர் இலங்கைத் தமிழர். வளர்ந்தது வடக்கு வேல்சில் ட்ரெலவ்னிட் என்னும் சிற்றூரில். பிரித்தானியாவில் தொழில்முறை உதைபந்தாட்டம் ஆடிய முதல் தமிழர் என்று செய்திகள் எழுதின. மூன்றாம் நிலைப் பிரிவில் இருக்கும் ஒரு கழகத்துக்காக ஒரு கோப்பை ஆட்டத்தில் ஆடியது அவ்வளவு பெரிய செய்தியா என்று என் மைத்துனர் கேட்டார். எங்கள் வீட்டில் அது பெரிய செய்தி. ஏன் என்று சொல்லிவிட்டு நன்றிக்கு வருகிறேன்.

என் மகனுக்கும் உதைபந்து என்றால் உயிர். அவனும் மத்தியகளம்தான். பன்னிரண்டு வயதில் ஒரு கழகத்தின் சிறுவர் பயிற்சிப் பிரிவு அவனை விடுவித்தது. மூன்று வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். அன்றிரவு அவன் காலணியைக் கழற்றாமலே கட்டிலில் கிடந்தான். நான் அருகில் போய் உட்கார்ந்து, "சரி, இனிப் படிப்பைப் பார்" என்றேன். ஆறுதல் சொல்வதாகவே நினைத்தேன். ஆனால் அந்த மின்னஞ்சலைவிட என் சொல்தான் அவனை அதிகம் காயப்படுத்தியது என்று அவனுடைய அம்மா பின்னால் எனக்குச் சொன்னார். ஒரு வருடத்துக்கும் மேல் அவன் பந்தைத் தொடவில்லை. விமலின் படம் வந்த நாளில், நான் கேட்காமலே, காலணிப் பையைத் தேடி எடுத்தான்.

ஆகவே முதல் நன்றி, விமலின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும். உங்களை நான் சந்தித்ததில்லை. விமல் சிறுவனாக லிவர்பூல் கழகத்தின் பயிற்சிப் பிரிவில் இருந்தார், பிறகு பேர்ன்லியில், அதன் பிறகு பார்ன்ஸ்லியில் என்று வாசித்தேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். லிவர்பூலின் பிள்ளைகள் பயிலும் இடம் கேர்க்பி. வேல்சின் வடகரையிலிருந்து அங்கே போக டீ நதியையும் மேர்சி நதியையும் கடக்க வேண்டும். பார்ன்ஸ்லி என்றால் பெனைன் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். ஒரு சிறுபிள்ளை இவ்வளவு தூரம் தானாகப் போய் வருவதில்லை. வேலை முடிந்த களைப்போடு யாரோ ஒருவர் அந்த வாகனத்தின் சாவியை எடுத்திருக்க வேண்டும். மார்கழி மாதத்து மாலை நாலரை மணி இருட்டில், கண்ணாடியில் ஆவி படிய, ஃபிளாஸ்க் தேநீரோடு காத்திருக்கும் தகப்பன்களில் நானும் ஒருவன். அதனால்தான் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன். "பந்து உதைத்து என்ன காணப்போகிறான்?" என்ற கேள்வி, பிறந்தநாள் மண்டபங்களில் சோற்றுத் தட்டோடு நிற்கும்போது எங்களிடம் கேட்கப்படுகிறது. உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்களோ, பிள்ளையைத் தடுக்கவில்லை.

அடுத்து, பார்ன்ஸ்லி கழகத்துக்கு. இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று பிரிவுகளில் எழுபத்திரண்டு கழகங்கள் இருக்கின்றன. நம்மவர்களுடைய கண் மேலே உள்ள இருபதைத் தாண்டுவது அரிது. ஆனால் பெரிய கழகங்களின் பயிற்சிப் பிரிவுகளிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு இரண்டாவது கதவு இந்த எழுபத்திரண்டில்தான் திறக்கிறது. பதினாறு வயதில் பயிலுநராக எடுக்கிறார்கள். இரண்டு வருடம் காலையில் மைதானம், இடையில் வகுப்பறை. பதினெட்டில் ஒரு முடிவு: தொழில்முறை ஒப்பந்தம், அல்லது கைகுலுக்கி விடை. பலருக்கு விடைதான். 2024 ஏப்ரலில், பார்ன்ஸ்லி ஆடும் மூன்றாம் நிலைப் பிரிவான லீக் ஒன்னின் ஆண்டின் சிறந்த பயிலுநர் விருது விமலுக்குக் கிடைத்தது. அது ஆட்டத்தை மட்டும் பார்த்துத் தரும் விருது அல்ல. படிப்பையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்தச் செய்தியை என் மைத்துனருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்று என் மகனுக்குச் சொன்னவன் நான்தான் என்பதால், எனக்காகவும் ஒரு முறை வாசித்துக்கொண்டேன்.

அப்போதைய முகாமையாளர் டாரெல் கிளார்க்குக்கு ஒரு நன்றி. தோற்றால் வேலை போகும் தொழில் அது. அதில் பதினெட்டு வயதுப் பிள்ளையைக் களத்தில் இறக்குவது எளிதல்ல. அந்தப் பருவத்தில் பார்ன்ஸ்லியின் கோப்பைப் பயணம் மான்செஸ்டர் யுனைட்டெட்டின் அரங்கான ஓல்ட் ட்ரஃபோர்டில் 7-0 என்ற தோல்வியோடு முடிந்தது. அது எனக்குப் பொருட்டாகவே படவில்லை.

விமலுக்கு முன்னால் நடந்தவர்களையும் மறக்கக்கூடாது. ட்ரெலவ்னிட்டுக்குச் சில மைல் தூரத்தில் இருக்கும் சென்ட் ஆசாஃபில் பிறந்தவர் நீல் டெய்லர். அவருடைய அம்மா கொல்கத்தாக்காரர். ரெக்சம் கழகத்தில் தொடங்கி, 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் ரஷ்யாவுக்கு எதிராக வேல்சுக்காகக் கோல் போட்டவர். தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்கள் சங்கத்தில் ரிஸ் ரெஹ்மானும் அவருடன் இருப்பவர்களும் இளம் தெற்காசிய வீரர்களை அவர்களுடைய குடும்பங்களோடு ஒன்றுசேர்த்து, மூத்த வீரர்களின் வழிகாட்டலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு அணியில் தனித்துத் தெரியும் பிள்ளைக்கு, தன்னைப் போல இன்னொருவனும் இருக்கிறான் என்று காட்டுவது சாதாரண உதவி அல்ல.

பாடசாலை விடுமுறையில் மகனைப் பார்ன்ஸ்லிக்குக் கூட்டிப்போனேன். ஆட்டமில்லாத நாள். நகரின் நடுவே கிரிக்கெட் நடுவர் டிக்கி பேர்ட் விரலை உயர்த்தியபடி சிலையாக நிற்கிறார். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். யாழ்ப்பாணத்தில் வானொலியைக் காதோடு வைத்துக் கிரிக்கெட் கேட்ட என் அப்பாவுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். பார்ன்ஸ்லி, 1887இல் ஒரு பாதிரியார் தொடங்கிய கழகம். 1912இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றது. பிரீமியர் லீக்கில் ஆடியது ஒரே ஒரு பருவம், 1997-98. சுரங்கங்கள் மூடிவிட்டன, கழகத்தின் ஓக்வெல் அரங்கு இருக்கிறது.

அங்குள்ள கழகக் கடையில் வேலை செய்த பெண்மணிக்குத் தனியாக ஒரு நன்றி. மகன் சிவப்புச் சட்டை ஒன்றை எடுத்து, முதுகில் யோகநாதன் என்று அச்சிடக் கேட்டான். அவர் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "இதைச் சரியாக எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் திருப்பிச் சொன்னார். பிழை. மறுபடி சொன்னார். மூன்றாம் முறை சரியாக வந்தது. இந்த நாட்டில் என் பெயரை ஒருவர் அப்படிப் பழகிச் சொன்ன நாட்கள் குறைவு. நம்மிடையே பெயரின் பின்பாதி பெரும்பாலும் அப்பாவுடையது, அல்லது அப்பப்பாவுடையது. இங்கே உதைபந்தாட்டச் சட்டையில் அந்தப் பாதிதான் முதுகுக்கு வருகிறது. நம் பிள்ளை ஓடும்போது ஒரு பெரியவரின் பெயரையும் சுமந்துகொண்டுதான் ஓடுகிறான். இதை அந்தக் கடையில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆசிரியைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை வகுப்பும், மகன் சேர்ந்த புதிய அணியின் ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்தன. தமிழா பந்தா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆசிரியை இரண்டையும் விடவேண்டாம் என்று சொல்லி, வெள்ளி மாலை தன் வீட்டிலேயே அவனுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். கட்டணம் வாங்க மறுக்கிறார். கடந்த வாரம் அவன் எழுதிய கட்டுரையின் தலைப்பு "நான் விரும்பும் வீரர்". ஒற்றுப்பிழை பதினொன்று என்று சிவப்பு மையில் குறித்து, கீழே "தொடர்ந்து ஆடு" என்றும் எழுதியிருந்தார்.

இந்த மடலை நான் மூன்று செவ்வாய்க்கிழமை மாலைகளில், பயிற்சி மைதானத்துக்கு வெளியே வாகனத்தில் இருந்தபடி எழுதினேன். இப்போது மைதானத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். மகன் வருகிறான், சேற்றுக் காலோடு.

நன்றியுடன்,
காத்திருக்கும் ஒரு தகப்பன்