ஹான்பரிப் பள்ளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மேல்வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் கடைசி ஞாயிறு ஸ்டாஃபோர்ட்ஷியரில் உள்ள ஹான்பரி கிராமத்துக்கு, 1944இல் நிலத்தடி வெடிபொருள் கிடங்கொன்று வெடித்து உண்டான பள்ளத்தைப் பார்க்கக் கூட்டிச் செல்வதாகப் போன சனிக்கிழமை அறிவித்திருந்தோம். அன்று மாலையே ஒரு தாய் தொலைபேசி எடுத்தார். "சேர், குண்டுக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்த ஆக்கள் நாங்கள். எங்கட பிள்ளைகளை ஏன் குண்டுக் கிடங்கு பார்க்கக் கூட்டிக்கொண்டு போறீங்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அப்போது நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே பிரித்தானியா தன் வெடிபொருட்களை நகரங்களிலிருந்து அகற்றி நாட்டுப்புறத்தில் ஒளிக்கத் தொடங்கியது. வில்ட்ஷியரின் கோர்ஷத்தில் கல் வெட்டி எடுத்த பழைய சுரங்கங்கள் கிடங்குகளாயின. ஷ்ரொப்ஷியரில் நெஸ்கிளிஃப் பக்கம் 1941இல் இராணுவம் ஒரு நலிந்த சிறு ரயில்பாதையைக் கையில் எடுத்து, அதன் இருபுறமும் 200க்கும் மேற்பட்ட கொட்டகைகளைக் கட்டியது. அந்தப் பாதை 1960இல் மூடப்பட்டது. கொட்டகைகள் பல இன்றும் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன.

இவற்றில் ஒன்றைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் படுவது, கட்டடங்கள் ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்பதுதான். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது. அந்த வெறும் புல்வெளி அதற்காகவே விடப்பட்டது. பல இடங்களில் கட்டடத்தைச் சுற்றி மண் அணையும் உண்டு. வெடித்தால் வேகம் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகாமல் மேலே போவதற்கு அது. ரயில் மேடை, சரக்குப் பெட்டியின் தரைமட்டத்துக்கே இருக்கும். குண்டைத் தூக்கவும் வேண்டாம், கைதவற விடவும் வேண்டாம், உருட்டி ஏற்றினால் போதும். ஒவ்வொரு அளவிலும் ஒரு பயம் ஒளிந்திருக்கிறது. கணிதம் படிக்கிற பிள்ளைகள் இதை நேரில் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு அது ஒரு காரணம்.

இத்தனை கணக்குப் பார்த்தும் தப்பவில்லை. வேல்ஸில் லான்பெரிஸில் கற்பலகை வெட்டிய குழியொன்றுக்குள் கொங்கிரீட்டால் கட்டிய கிடங்கு, திறந்து ஒரு வருடம்கூட ஆகாமல் 1942 ஜனவரியில் இடிந்து விழுந்தது. குண்டு ஏற்றிய ரயில் ஒன்று அதற்குள் அகப்பட்டது.

ஹான்பரிக்கு அருகில் ஃபோல்ட் என்ற இடத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. அங்கே பழைய ஜிப்சம் சுரங்கம் ஒன்றை விமானப்படை 1937இல் கிடங்காக்கியது. ஸ்க்ரொப்டன் ரயில் பக்கப்பாதையில் இறங்கிய குண்டுகள், இரண்டடி அகலச் சிறு தண்டவாளத்தில் வயல்களைத் தாண்டி நிலத்துக்குள் போயின. 1944 நவம்பர் 27, காலை 11 மணி 11 நிமிடம். நிலத்தடியில் ஏறக்குறைய 4,000 தொன் வெடிபொருள் ஒரேயடியாக வெடித்தது. மேலே இருந்த அப்பர் காசில் ஹேய்ஸ் பண்ணை, வீடு, மனிதர், கால்நடை எல்லாவற்றோடும் இல்லாமல் போனது. பக்கத்து ஜிப்சம் ஆலையின் நீர்த்தேக்கம் உடைந்து, சேறும் தண்ணீருமாக ஆலைக்குள் புகுந்து அங்கே வேலைக்கு வந்தவர்களைக் கொண்டுபோனது. ஏறக்குறைய 70 பேர் இறந்தார்கள். சிலருடைய உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் அங்கே வேலை செய்த இத்தாலியர்களும் உண்டு.

அன்று எந்த எதிரி விமானமும் வரவில்லை. செயலிழக்காத குண்டொன்றில் மரக்கருவி பாவிக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பித்தளை உளியைப் பாவித்ததைக் கண்டதாக ஒரு சாட்சி விசாரணையில் சொன்னார். அதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

போன மாதம் நானும் இரண்டு ஆசிரியைகளும் முன்கூட்டியே போய்ப் பார்த்து வந்தோம். கிராமத்திலிருந்து வயல்களுக்கூடாக நடைபாதை போகிறது. பள்ளம் ஏறக்குறைய 30 மீற்றர் ஆழம். உள்ளே மரங்கள் வளர்ந்து பச்சையாக இருக்கிறது. சுற்றிவரக் கம்பிவேலி. வெடிக்காத குண்டுகள் உள்ளே இருப்பதால் ஆபத்து என்று பலகை. 80 வருடங்களுக்குப் பிறகும்! அந்தப் பலகைக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். இலங்கையின் வன்னியில், கண்ணிவெடி உண்டென்று எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகளைக் கண்டவர்கள் நம்மில் பலர். அந்த நிலம் எப்போது நமக்குத் திரும்பும் என்று கேட்டவர்களும் நம்மில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வீட்டில் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. எனக்கும் என் மகளிடம் சொல்ல வரவில்லை. அவர்கள் பிறந்த நாட்டிலேயே, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதிய ஒரு பலகையின் முன்னால் நின்றால், அவர்களே கேட்பார்கள் என்று நினைக்கிறேன். தொலைபேசியில் எனக்குச் சொல்ல வராமல் போன பதில் இதுதான்.

பஸ்ஸில் போகும்போது இன்னொரு சம்பவத்தையும் சொல்லப்போகிறேன். அதே 1944இல், ஜூன் 2 அதிகாலை, கேம்பிரிட்ஜ்ஷியரின் சோஹம் நிலையத்தை நெருங்கிய 51 பெட்டிக் குண்டு ரயிலில் முதல் பெட்டி தீப்பற்றியது. எஞ்சின் ஓட்டுநர் பெஞ்சமின் கிம்பர்ட் ரயிலை நிறுத்தினார். கரி போடும் ஜேம்ஸ் நைட்டால், 22 வயது, இறங்கி எரியும் பெட்டியை மற்றவற்றிலிருந்து கழற்றினார். இருவரும் அதை இழுத்துக்கொண்டு விலகிப் போகும்போது அது வெடித்தது. நைட்டாலும் சமிக்ஞைக்காரர் ஃபிராங்க் பிரிட்ஜஸும் இறந்தார்கள், கிம்பர்ட் பிழைத்தார். மற்ற 50 பெட்டிகளும் வெடிக்கவில்லை. ஊர் மிஞ்சியது. கிம்பர்ட்டுக்கும் நைட்டாலுக்கும் வீரச்செயலுக்கான பிரித்தானியாவின் உயர் விருதான ஜோர்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

இனி, நீங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை. வேலிக்குள் கை நீட்டக்கூடாது, பந்து விழுந்தாலும் எடுக்கப் போகக்கூடாது. பந்தே கொண்டுவர வேண்டாம். மண்ணில் துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் தொடாமல், அந்த இடத்திலேயே நின்று ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். ஞாபகத்துக்கென்று எதையும் பையில் போடக்கூடாது. இந்தப் பயணத்துக்கு மட்டுமல்ல, நாட்டுப்புறத்தில் எங்கே நடந்தாலும் இதே விதிதான். பாதை சேறாக இருக்கும், பழைய சப்பாத்து போட்டு அனுப்புங்கள்.

வர விரும்பாத பிள்ளையை நாங்கள் வற்புறுத்த மாட்டோம். காரணமும் கேட்க மாட்டோம். வேலிப் பக்கம் வராமல் தேவாலயத்தருகே இருக்க விரும்புகிறவர்களோடு ஓர் ஆசிரியை இருப்பார். பெற்றோருக்காக பஸ்ஸில் ஆறு இடம் ஒதுக்கியிருக்கிறோம். அம்மம்மா, அப்பப்பா யாராவது வர விரும்பினால் அவர்களுக்கே முதலிடம். சம்மதக் கடிதத்தை வரும் சனிக்கிழமை வகுப்பு முடிவதற்குள் தந்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்