அங்கே சிமெண்டைச் சுரண்டுகிறார்கள், இங்கே பூசுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தில் நூறு வருடம் தாண்டிய ஒரு வீட்டைப் புதுப்பித்திருக்கும் படங்களைப் போட்டு, வெள்ளைக்காரர்களுக்குப் பழசின் அருமை தெரிகிறது, நமக்குத்தான் தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன், முடியவில்லை. அந்த மாதிரி வீட்டுக்குள்ளேயே ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் சொல்கிறேன், அது அருமை பெருமை சமாச்சாரம் இல்லை. சுண்ணாம்பு சமாச்சாரம்.

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்கிற சந்தை ஊரில். பேத்தி பிறந்ததற்காக நானும் வீட்டம்மாவும் போயிருந்தோம். புதனும் சனியும் ஊர் நடுவில் சந்தை கூடும், நம்ம புளியம்பட்டிச் சந்தைக்கு முன்னால் அது ஒரு மூலை அளவுதான். ஊரை ஒட்டி ஒரு சர்க்கரை ஆலை, கரும்பு இல்லை, பீட் கிழங்கு. பனிக்காலத்தில் ஆலை ஓடினால் ஊரெல்லாம் வாடை வரும், எனக்கு நம்ம பக்கத்துச் சர்க்கரை ஆலை இருக்கிற ஆப்பக்கூடல் ரோட்டில் போகிற நினைப்பு வந்துவிடும்.

விக்டோரியா மகாராணிக்குப் பிறகு அவர் மகன் ஏழாம் எட்வர்டு 1901 முதல் 1910 வரை ஆண்டார் அல்லவா, அந்தக் காலத்திலும் அதை ஒட்டி முதல் உலகப்போர் வரைக்கும் கட்டிய வீடுகளை எட்வர்டு காலத்து வீடு என்கிறார்கள். மகள் வாங்கியிருப்பதும் அதில் ஒன்று. பங்களா என்று நினைத்துவிட வேண்டாம். குமாஸ்தாவும் கடைச் சிப்பந்தியும் வாடகைக்கு இருக்கக் கட்டிய வரிசை வீடு, நம்ம லைன் வீடு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டியது. ஆளைவிடக் கொஞ்சம் அகலமான நடை, செங்குத்தான மரப்படி, தெருப் பக்கம் வெளியே துருத்திக்கொண்டு ஒரு பெரிய சன்னல். கக்கூஸ் அந்தக் காலத்தில் பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில் இருந்ததாம், அந்தச் சின்ன அறை இன்னும் நிற்கிறது, மாப்பிள்ளை சைக்கிள் வைக்கிறார். கூரை வேல்ஸ் நாட்டு ஸ்லேட்டுக் கல். நான் ஒன்றாங்கிளாஸில் பலப்பக்குச்சியால் எழுதினேனே, அதே மாதிரிக் கல்! அங்கே கூரையாகக் கிடக்கிறது, நாம் மங்களூர் ஓட்டைச் சீமை ஓடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முகப்புச் செங்கல் சிவப்பில்லை, வெளிர் மஞ்சள். அந்தப் பக்கத்துக் களிமண்ணில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அதனால் சுட்டால் சிவக்காமல் வெளுக்கிறது.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. வாசலில் சாரம் கட்டி ஒரு கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார், ஐம்பது வயது இருக்கும். என்ன செய்கிறார் என்று பார்த்தால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தில் சின்ன உளியை வைத்து, பல் டாக்டர் மாதிரி, பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு பாய் விரிக்கும் இடம்கூட முடியவில்லை. நல்லாத்தானே இருக்கு, எதுக்குச் சுரண்டறாரு என்று மகளைக் கேட்டேன். "அது சிமெண்டுங்கப்பா, முன்னாடி இருந்தவங்க பூசுனது, அதனாலதான் உள்ளே ஓதம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, காரணம் அப்புறம் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். அந்தச் சுவர் நடுவில் இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் சுவர், நீளக் கல், குட்டைக் கல் என்று மாற்றி மாற்றி வைத்தது. மழையில் கொஞ்சம் நனையும், வெயிலிலும் காற்றிலும் சுண்ணாம்புச் சந்து வழியாக அந்த ஈரம் வெளியே போய்விடும். சிமெண்ட் அதைவிடக் கெட்டி, ஈரத்தை எளிதில் விடாது. அந்தச் சந்துகளை அதனால் அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் தண்ணீர் செங்கல்லிலேயே தங்குகிறது, பனிக்காலத்தில் உறைந்து உப்பி, கல்லின் முகத்தையே பெயர்த்துத் தள்ளுகிறது. பத்துப் பதினைந்து கல் அப்படி முகம் போய்க் கிடந்ததை நானே கையால் தடவிப் பார்த்தேன், தவிடு மாதிரி உதிர்ந்தது. சந்தில் இருந்த சிமெண்ட் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது! தரையும் அப்படித்தான், பலகைத் தரைக்கு அடியில் காற்றோட சுவரின் அடியில் ஓட்டைக் கல் வைத்திருக்கிறார்கள், யாரோ ஒரு புண்ணியவான் அதன் மேலேயே தோட்டத்து மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்.

சுரண்டி முடித்ததும் சுண்ணாம்பும் மணலும் கலந்து, ஒன்றுக்கு மூன்று, சந்தில் வைத்து அழுத்தினார். தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கைத் தொங்கவிட்டார். எங்கள் ஊரில் செய்ததேதான். உறைபனி வந்தால் சுண்ணாம்பு பிடிக்காது என்று அக்டோபருக்குள் முடித்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, சுருக்கென்றதற்குக் காரணம். அந்தியூர் பக்கம் எங்கள் அப்பாரு கட்டிய, நடுவில் திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு ஒன்று இருந்தது. சேற்றுமண் வைத்துக் கட்டிய சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. காட்டில் கிடைத்த சுக்காங்கல்லைக் காளவாயில் சுட்டு, கடுக்காய்த் தண்ணி விட்டு அரைத்ததாக ஆத்தா சொல்வார்கள். மழைக்காலம் முடிந்தால் அங்கங்கே உதிரும், வெள்ளை அடிக்க வேண்டும், அது ஒரு தொல்லைதான், இல்லையென்று சொல்லவில்லை. 2009இல் ஒரு கொத்தனார் வந்து, "இத்தன நாளா எதுக்குங்க சிரமப்பட்டீங்க, ஒருக்கா சிமெண்டு பூசிட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் கை வெக்க வேண்டியதில்லீங்க" என்றார். நானும் பூசினேன். மூன்று மழைதான் தாங்கியது. நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது, வெளியே போக வழியில்லை, உள்ளுக்குள்ளேயே உப்புப் பூக்கிறது. நமக்கு உறைபனி இல்லை, அந்த வேலையை இங்கே உப்பு செய்கிறது. ஆசாரத்து, அதாவது கூடத்துச் சுவரைத் தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம் வந்தது. அதே கொத்தனாரைக் கூப்பிட்டேன். "சுவரே போச்சுங்க, இடிச்சுட்டுப் புதுசா கட்டீருங்க" என்றார்.

2016இல் இடித்தேன். இரண்டே நாள், ஜேசிபி. திண்ணை, ஆசாரம், முன்வாசல் எல்லாம் போயிற்று. தூணையும் வாசல் நிலையையும் ஒரு வியாபாரி லாரி வைத்து எடுத்துக்கொண்டு போனான், எந்த ரிசார்ட்டில் நிற்கிறதோ. பின்கட்டு மட்டும் பணம் பற்றாமல் அப்படியே விட்டது.

ஆக, கெட்டுப் போனது சுவர் இல்லை. மருந்துதான் மாற்றிக் கொடுத்தோம். அங்கேயும் அதே மருந்தை அதே மாதிரித்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கையை விட்டுத் திருத்தத் தெரிந்த ஒரு ஆள் அழைத்தால் வருகிறார். அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்குச் சட்டமும் கொஞ்சம் கைகொடுக்கிறது. 1967லிருந்து ஊருக்குள் சில தெருக்களைப் பாதுகாப்புப் பகுதி என்று குறித்து வைக்கிறார்கள், அங்கே நினைத்தவுடன் இடித்துவிட முடியாது. ஒட்டுச் சுவரில் கைவைப்பதென்றால் 1996ஆம் வருடச் சட்டப்படி பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். நம்மூரில் பொதுச்சுவருக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் எனக்கே தெரியும், அதை வேறு நாளில் எழுதுகிறேன்.

அவர்கள் ஒன்றும் மகா புத்திசாலிகளும் இல்லை. அங்கே புது வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம், பழைய வீட்டைப் பழுது பார்த்தால் பெரும்பாலும் 20 சதவீதம்! வீட்டுக்குள் குளிரும் தாங்காது, ராத்திரி சன்னல் இடுக்கில் ஊசி மாதிரிக் காற்று, வீட்டம்மா இரண்டு ஸ்வெட்டரோடுதான் சமைத்தாள். அந்தச் சன்னல் மட்டும் எனக்குப் பிடித்துவிட்டது. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு சட்டம், ஏற்றி இறக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். பக்கத்துப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கப்பி, கயிறு, கயிற்று நுனியில் இரும்புக் குண்டு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த வீட்டில் பிறந்தவனுக்கு அதைக் காட்டினால் விடுவேனா? அறுந்த கயிறு இரண்டை நானே மாற்றிக் கட்டினேன்.

ஊர் திரும்பிய கையோடு பின்கட்டைப் பழுது பார்க்க எடுத்தேன். நான்கு மாதம் தேடியும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. பார்த்த கொத்தனார் எல்லாரும் இளவட்டங்கள், நல்ல வேலைக்காரர்கள், சிமெண்ட் தவிர வேறு கலவை தொட்டதில்லை. கடைசியில் கோயில் திருப்பணி ஒன்றில் வேலை செய்த பெரியவர் கிடைத்தார், எழுபது தாண்டியவர், சாரம் ஏற முடியாது. கீழே கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பேரன் வயதுப் பையன் பூசினான். சிமெண்டைக் கொத்தி எடுத்த இடத்தில் சுவரைக் காயவிடவே ஆறு வாரம் ஆனது. இந்த ஐப்பசி மழை அதற்கு முதல் மழை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை தோறும் ஒரு முழுப் பக்கம் புது வீட்டுப் பிளான் போடுகிறீர்கள், அதில் கால் பக்கம் ஒதுக்கி, ஈரோடு, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு, வெளியிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் ஐடிஐக்களும் நடத்தும் கொத்தனார் பயிற்சியில் சுண்ணாம்புக்கு ஒரு வாரம் கொடுக்க முடியுமா என்று உங்கள் நிருபர் அதிகாரிகளிடம் கேட்டு எழுதட்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வந்த அந்தப் பெரியவரை முதல் பெயராகப் போட்டுக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன், வருகிறேன் என்றார், கட்டில் மட்டும் நிழலில் போடச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்