செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: எங்கள் குளமும் ஆனைகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, ஊர்ப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதந்தோறும் கூடிய நாம் நவம்பரில் மட்டும் கூடவில்லை. அடைமழை வெள்ளம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாதைகளை மூடியிருந்தது. வாவிக்கரையில் ஆவணியில் நட்ட கண்டல் கன்றுகளில் பெரும்பகுதி அந்த வெள்ளத்தோடு போயிற்று. மழைக்கு முன் வேர் பிடித்துவிடும் என்று நாள் குறித்தவன் நான். அந்தத் தவறு என்னுடையது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இந்த ஆண்டு நமக்கு அதிகம் கற்றுத்தந்தது குளத்துச் சிரமதானம். சித்திரையில் இரண்டு வாரவிடுமுறை நின்று, நீரில் மிதந்து படரும் ஆற்றுவாழையை அள்ளினோம். களைத்துப்போய்க் குளக்கட்டின் ஓர் மூலையை மட்டும் விட்டோம். ஆடி பிறந்தபோது குளம் மறுபடியும் பச்சை. 1905 இல் அழகுக்காக இலங்கைக்குள் கொண்டுவரப்பட்ட இந்தச் செடி, வெயிலும் உரம் கலந்த நீரும் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு கிழமையில் இரட்டிக்கும். பாதிக் குளம் வெளியாகத்தானே கிடக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று நாம் இருந்தோம். மிச்சப் பாதிக்கு அதற்குத் தேவைப்பட்டது அந்த இரண்டு கிழமைதான். மாணவர்கள் தடி நட்டு அளந்து வந்ததால் இதைக் கண்ணால் கண்டோம். பிறகு அது வளர இடமில்லை. அடியில் அழுகியது, மீன்கள் மேலே வந்து வாய் திறந்து செத்தன.

இயற்கையில் எந்தப் பெருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்த மாதக் கூட்டத்தில் நமது ஆசிரியர் விளக்கினார். அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் உள்ள புனித மத்தேயு தீவில் 1944 இல் 29 ரெயின்டியர் மான்கள் விடப்பட்டன. வேட்டையாட ஓநாய் இல்லை. 1963 இல் அவை ஏறக்குறைய 6,000. பாறையில் பாசிபோலப் படர்ந்த லைக்கன் முழுவதையும் தின்று தீர்த்தன. பிறகு ஒரு கடுங்குளிர். 1966 இல் எஞ்சியவை 42.

புரட்டாதிக் கூட்டம் பொழுதுபட்டும் முடியவில்லை. சிறுபோக வெள்ளாமையையும் வீட்டுச் சுவரையும் ஆனைக்குப் பறிகொடுத்த அங்கத்தவர் எழுந்து, “ஆனை கூடிப்போச்சு மனே. குஞ்சு குருமானோட நாங்க எங்க போற?” என்று கேட்டார். அவர் கண்ணீருக்கு முன்னால் புள்ளிவிவரம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அறிக்கையில் எழுதவேண்டியது என் கடமை.

ஆனை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு நாலைந்து ஆண்டாகும். உயிர்களில் மிக மெதுவாகப் பெருகுவது என்று அதை எடுத்துக்கொண்டு டார்வின் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு சோடியின் வழித்தோன்றல்கள் 750 ஆண்டில் 1 கோடியே 90 இலட்சம் ஆகலாம். காகிதத்தில்தான். கோடை வறட்சியும் நோயும் கன்றுச் சாவும் காட்டில் அதை ஒருபோதும் விட்டதில்லை. 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எண்ணப்பட்டவை 5,879. 2023 இல் மட்டும் 400 க்கும் மேற்பட்டவை இறந்தன. அதே ஆண்டில் 150 க்கும் அதிகமான மனிதர்களும் ஆனையால் இறந்தார்கள். இப்படி மெதுவாக ஈனும் இனம் திடீரெனக் கூடிவிடாது. சுருங்கியது காடு.

கல்லோயா ஆற்றை அணை கட்டி மறித்த, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலைக் காட்டை நீராக்கியது, கீழ்ப்புறக் காட்டை வயலாக்கியது. நானும் அந்த நீரில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்தவன்; அதைப் பழித்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அணை, உரம், மருந்து என்று நமது எல்லையை நாம் தள்ளிக்கொண்டே வந்தோம். 1800 அளவில் 100 கோடியாக இருந்த மனிதர் 2022 நவம்பரில் 800 கோடி. நாம் தள்ளிய ஒவ்வொரு முழமும் இன்னோர் உயிரின் எல்லையில் குறைந்த முழம். ரெயின்டியர் தன் உணவைத் தின்று தான் செத்தது. நம் கணக்கில் முதலில் சாவது மற்ற உயிர்கள்.

மூத்தப்பா ஒருவர் தன் வீட்டுச் சுவரில் தொங்கும் வேளா மீனின் வாள்போன்ற கொம்பைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். இளந்தாரியாக இருந்தபோது அவர் வலையில் பட்டதாம். கடலுக்குப் போகும் நம் இளைஞர் ஒருவர்கூட வேளாவை உயிரோடு கண்டதில்லை. குட்டி போடும் மீன் அது, போடுவதும் கொஞ்சம். கொம்பு வலையில் சிக்கினால் விடுபடாது. அதை ஒழிக்கவேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. அன்று பிள்ளைகள் அந்தக் கொம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகளை முன்வைக்கிறேன். குருணாகல் மாவட்டத்தின் கல்கமுவப் பகுதியில் செய்வதுபோல, வெள்ளாமை நிற்கும்போது மட்டும் வயல்வட்டையைச் சுற்றி மின்வேலி போட்டு, அறுவடை முடியக் கழற்றிவைப்பது. இதற்கு வயற்காரர் எல்லோரும் முறைவைத்துக் காவல் நிற்கவேண்டும். மற்றது, இம்முறை அந்த மூலையையும் சேர்த்துக் குளத்தைத் துப்புரவாக்கி, மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பது.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்