மெத்தை அடுக்கும் மேசையா அது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலை விபத்துகளைப் பற்றி உங்கள் இதழில் அடிக்கடி எழுதுகிறீர்கள். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர் அப்புறம் என்ன ஆகிறார் என்பதையும் எழுத வேண்டும்.

என் தம்பி போன வருஷம் பைக்கில் இருந்து விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, ஆபரேஷன், 18 நாள் ஐ.சி.யூ. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டோம். ஆனால் வார்டுக்கு வந்தபோது அவன் அரை மயக்கத்தில் கிடந்தான். இரண்டு பாதமும் கீழ்நோக்கி நீண்டு விறைத்திருந்தன. நாள் கணக்கில் மல்லாந்தே கிடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கிவிடும், பிறகு நினைவு திரும்பினாலும் பாதத்தை ஊன்ற முடியாது என்பதெல்லாம் எங்களுக்கு அதுவரை தெரியாது.

அந்த மருத்துவமனையில் டில்ட் டேபிள் இருந்தது. நோயாளியைப் படுக்கவைத்துக் கட்டி, படுத்தபடியே மெல்ல மெல்ல நிமிர்த்தி நிற்கவைக்கும் சாய்வு மேசை அது. அதன்மேல் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் அவற்றை இறக்கிப்போட்டு, மேசையைத் துடைத்து, தம்பியை அதில் படுக்கவைத்தார். நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பெல்ட். உள்ளங்கால் இரண்டும் அடிப்பலகையில் பதிந்திருக்க வேண்டும். மெல்ல நிமிர்த்தினார். 30 டிகிரியிலேயே முகம் வெளுத்து நெற்றி வேர்த்தது. பி.பி. இறங்கிவிட்டது. உடனே மேசையைத் தாழ்த்திவிட்டார். படுத்தே கிடந்த உடம்பை நிமிர்த்தினால் ரத்தம் காலில் தங்கிவிடும், மூளைக்குக் குறையும், அவசரப்படக் கூடாது என்றார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். ஆறாம் நாள் 60 டிகிரியில் நின்றபோது தம்பி கண்ணைத் திறந்து, அம்மா நின்ற பக்கம் தலையைத் திருப்பினான். அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். மேசையால்தான் குணமானான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிமிர்த்தியபோதெல்லாம் அவனுக்கு விழிப்பு கூடியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எடுத்த எடுப்பில் எழுப்பி நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. பக்கவாதம் வந்த 2,104 பேரிடம் 5 நாடுகளில் நடந்த அவெர்ட் ஆய்வு 2015இல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி, கூடுதலாக நடமாட வைத்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவு. அதனால்தான் மேசை மட்டும் போதாது, எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்த ஆளும் வேண்டும் என்கிறேன்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருகிறது. நல்ல திட்டம். அதன் கை அடுத்த சில வாரங்களுக்கும் நீள வேண்டும். நரம்பியல் அறுவை சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் வேலை செய்கிற ஒரு டில்ட் டேபிளும், அந்த வார்டுக்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் இருக்க வேண்டும். வெளிநாட்டு ரோபோ மேசை எல்லாம் கேட்கவில்லை. ஏற்கெனவே வாங்கி மூலையில் போட்டிருப்பவை எத்தனை என்று சுகாதாரத் துறை முதலில் ஒரு கணக்கெடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி