மதியத்தில் ஆலய மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கினால் போதும், 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்ற பதாகை ஊரெங்கும் ஏறிவிடும். மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று உங்கள் நாளிதழிலும் கட்டுரைகள் வரும். பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை என்று யாராவது ஒரு தலைவர் மேடையில் வருத்தப்படுவார். என் பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில்தான் படிக்கிறார்கள், அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாரும் பற்று இல்லாமல் போகவில்லை. பள்ளி மதியம் ஒரு மணிக்கு விடுகிறது. அம்மா வீடு வந்து சேர ஆறரை ஆகிறது. நடுவில் பிள்ளை எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு நம் பள்ளிப் பக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை.

என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கை, தன் மகனைச் சீனப்பள்ளியில் சேர்த்தாள். மாண்டரின் தெரிந்தால் பிழைத்துக்கொள்வான் என்று ஊருக்குச் சொன்னாள். என்னிடம் சொன்ன காரணம் வேறு. அந்தப் பள்ளிக்கு எதிரே கடைவீட்டு வரிசையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் இருக்கின்றன. மணி அடித்ததும் மையத்து ஆள் வாசலில் வந்து நின்று, பெயர் வாசித்து, பிள்ளைகளை வரிசையாகச் சாலை தாண்டிக் கூட்டிப்போகிறார். சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து மாலையில் பிள்ளை கைக்கு வருகிறான். எங்கள் பள்ளி வாசலில் நிற்பது வேன்கள் மட்டும்தான். வேன் அண்ணன் பத்திரமாக வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். கதவைத் திறக்க உள்ளே ஆள் வேண்டுமே!

நான் குடியிருப்பது பிறையில் ஓர் அடுக்குமாடியில். வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில். கணவர் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். தெற்கே ஜொகூர் பக்கம் போனால் மறுநாள்தான் முகத்தைப் பார்க்கலாம். மகள் நான்காம் ஆண்டு, மகன் முதலாம் ஆண்டு. காலை நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. வேலைக்குப் போகும் எந்த அம்மாவைக் கேட்டாலும் அதே கதைதான்: ஒரு காலுறை காணாமல் போயிருக்கும், நேற்றிரவு பத்தரைக்குப் பள்ளிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'நாளை பச்சை நிற அட்டை கொண்டு வரவும்' என்று வந்திருக்கும். அதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். சமாளிக்க முடியாதது மதியம்தான்.

போன ஆண்டுவரை கீழ்மாடி அக்கா பார்த்துக்கொண்டார். சோறு, ரசம், ஒரு பொரியல் போட்டு, குளிக்க வைத்து, எழுத உட்கார வைப்பார். எங்கள் பிளாக்கில் இன்னும் சில வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான். அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனதும் மகள் கிள்ளானுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு நான் விசாரித்த மையத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். இரண்டு பிள்ளைக்கு 800. இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் நிற்கும் பெண் ஒருத்தி அந்தச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியைக் கொடுத்துவிட்டு எதற்கு வேலைக்கு வர வேண்டும்?

இப்போதைக்கு என் பிள்ளைகள் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள். அவர் இரவு ஷிப்ட் வேலை செய்பவர். ஒரு மணிக்குப் பிள்ளைகள் போய் இறங்கும்போது அவருக்கு நல்ல தூக்க நேரம். கதவைத் திறந்துவிட்டு, மூடி வைத்த சாப்பாட்டைக் காட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரவெல்லாம் நின்று வேலை பார்த்த உடம்பு. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் வந்து போய்ப் பார்த்தேன். தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடுகிறது, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அக்காள் தம்பியின் காதில் ஒவ்வொரு பாத்திரமும் என்ன பேசும் என்று கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் அவன் எழுந்து ஓடி வரவில்லை. அத்தை எழுந்துவிடுவார் என்று, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

எங்கள் நிலைமையாவது தேவலை. அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) அண்ணன் தம்பி இரண்டு பேர், பள்ளிச் சீருடையோடு கடைசி மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா மாதா மாதம் கடையில் கணக்குத் தீர்க்கிறார் என்று கேள்வி. இராமநாதபுரத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் அண்ணன், ரொட்டி தட்டுகிற இடைவெளியில் பெரியவனுக்குச் சொல்வதெழுதுதல் போடுகிறார். அவனுடைய நோட்டில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குவளையின் வட்டம் பதிந்திருக்கிறது. நான் டாப்பாவ் (பொட்டலச் சாப்பாடு) வாங்க நின்றபோது 'வாழைப்பழம்' என்று சொல்லி, ழகரத்துக்கு அந்த அண்ணன் நாக்கை மடித்துக் காட்டினார். தன் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்.

வேலையை விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் கடனை அவர்கள் கட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம். சம்பளம் போவதோடு முடிவதில்லை, இ.பி.எப். (ஊழியர் சேமநிதி) பணமும் அன்றோடு நிற்கும். அறுபது வயதில் யாரிடம் போய்க் கை நீட்டுவது? இந்த நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், ஆண்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். பெண்கள் திரும்ப வேலைக்கு வர வேண்டும் என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சரி, வருகிறோம். மதியம் ஒரு மணிக்கு என்ன செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கானது. தாஸ்கா என்று நாம் சொல்வது அந்த மையங்களைத்தான். அப்புறம் பாலர்பள்ளி. ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போனதும் பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள் போலும். வருமான வரியில் பராமரிப்புச் செலவுக்கு 3,000 வெள்ளிவரை கழிவு உண்டு, அதுவும் பல ஆண்டுகளாக ஆறு வயதோடுதான் நின்றிருந்தது. வயதை ஏற்றினாலும் பதிவு பெற்ற இடத்தின் ரசீது வேண்டும். கீழ்மாடி அக்காவிடம் ரசீது ஏது? வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத பெண்ணுக்குக் கழிவு எதற்கு?

2023 ஜனவரி முதல் நாள் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் நடப்புக்கு வந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, அப்பாக்களுக்கு 7 நாள் விடுப்பு கிடைத்தது, வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. எல்லாம் நல்ல மாற்றம். அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாக வந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் கெடுவுக்குள் ஒழுங்காகவே வந்தது. 'நிர்வாகத் தேவை காரணமாக' இயலாது என்று ஒரே வரி. சட்டப்படி காரணம் சொல்லிவிட்டார்கள், கேட்க என்ன இருக்கிறது?

என் அம்மா கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் மரம் வெட்டும் நிரைக்குப் போவார். ஆயாக் கொட்டகை ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் அத்தனை பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும். ஆயா கோபக்காரி, பிரம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வெள்ளைக்காரத் துரை மனம் இளகி அதைக் கட்டவும் இல்லை. தாய் வேலைக்கு வராவிட்டால் பால் வாளி நிறையாது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் அம்மா மரம் வெட்டுகிற நேரத்தில் பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு பதில் இருந்தது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தபோது நாம் கோயிலைக் கொண்டுவந்தோம், பள்ளியைக் கொண்டுவந்தோம். கொட்டகையை யாரும் கொண்டுவரவில்லை.

அந்தக் கோயிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் என்று எங்கே பார்த்தாலும் ஆலயத்தை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. சனி ஞாயிறில் கல்யாணமும் பிறந்தநாளுமாக இடம் கிடைக்காது. வார நாளில் நடுப்பகல் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலை நடை திறக்கும்வரை உள்ளே ஆள் அரவம் இருக்காது. மின்விசிறி இருக்கிறது. சமையல்கூடம் இருக்கிறது. கழிப்பறை, வரிசையாகக் கை கழுவும் குழாய், நீள மேசைகள், சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாமே இருக்கின்றன. நாம் கொடுத்த நன்கொடையில் வந்தவைதான். தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபங்களை வார நாளில் ஒரு மணியிலிருந்து ஆறரை மணிவரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள் என்று ஆலய நிர்வாகங்களையும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை நான் ஓர் ஆலயப் பொறுப்பாளரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். மண்டபம் அசுத்தமாகும் என்றார். கல்யாண விருந்து முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பார்த்திருக்கிறேன், எங்கள் பிள்ளைகளால் அந்த அளவுக்கு முடியாது. பிள்ளைகள் மாமிசம் கொண்டுவருவார்கள் என்றார். மண்டபத்திலேயே சைவச் சாப்பாடு சமைத்தால் அந்தப் பேச்சே இல்லை. என் மகன் கோழி இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடும் ரகம்தான், ஐந்து நாள் சாம்பார் சாப்பிட்டு அவன் இளைத்துப் போகமாட்டான். கடைசியாக, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு பேரோ அதற்கு மேலோ, நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளாவது ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளப்பட்டால் அந்த இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். சமூக நல இலாகாவிடம் போக வேண்டும், கட்டடத்துக்கு மாநகர் மன்றமும் தீயணைப்புப் படையும் சம்மதிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கீழ்மாடி அக்காவே சட்டத்தை மீறியவர்தான் போலிருக்கிறது. முழங்கால் வலியோடு அவர் எந்த இலாகா படியை ஏறியிருப்பார்? ஆலய நிர்வாகத்துக்கு இது பெரிய காரியம் இல்லை. பதிவுபெற்ற அமைப்பு, செயலாளர், கணக்காய்வாளர் எல்லாம் உண்டு. தேர் ஊர்வலத்துக்குச் சாலையை மூட அனுமதி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா?

செலவுக்கும் கணக்குப் போட்டேன், என் தொழிலே அதுதான். முப்பது பிள்ளைகள், தலைக்கு மாதம் 200 வெள்ளி, மொத்தம் 6,000. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக் குறைந்தபட்சச் சம்பளமே கொடுத்தாலும் 3,400. முதலாளி பங்கு இ.பி.எப். 13 விழுக்காடு, அது 442. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா), மின்சாரம், தண்ணீர் என்று ஒரு 450 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஏறக்குறைய 1,700. மாதம் இருபது பள்ளி நாள், முப்பது பிள்ளைகள், 600 தட்டு சோறு. ஒரு தட்டுக்கு இரண்டு வெள்ளி எண்பது காசு தேறும். கூட்டாகச் சமைக்கும் சைவச் சாப்பாட்டுக்கு அது கட்டுப்படியாகும் என்று அன்னதானம் சமைக்கும் அக்காமார்களே சொல்கிறார்கள். 200 கொடுக்க முடியாத வீட்டுக்கு யாராவது உபயம் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு நாள் அபிஷேகத்துக்கு உபயம் எழுதுகிற கை, ஒரு பிள்ளையின் ஒரு மாதச் சோற்றுக்கும் எழுதும்.

வீட்டுப்பாடம் பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அறுபது வயதில் பணி ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், வீட்டில் பொழுது போகவில்லை என்று அவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு மேற்படிப்புக்கு இடம் வரும்வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் அண்ணன்மார் அக்காமாரும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் கைச்செலவுப் பணம் கொடுத்தால் போதும்.

எல்லா ஆலயங்களும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செபராங் பிறையில் பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் மண்டபம் வைத்திருக்கும் ஒரு நிர்வாகம் முன்வந்தால் அடுத்த பள்ளித் தவணைக்குள் தொடங்கிவிடலாம். அப்படி யாராவது இருந்தால் இதே வாசகர் பகுதியில் பதில் எழுதட்டும். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு நான் நிர்வாகக் கூட்டத்துக்கே வருகிறேன், கூட்டம் ஏழு மணிக்குப் பிறகு என்றால் நல்லது. தைப்பூசத்துக்கும் ஆண்டுத் திருவிழாவுக்கும் மண்டபம் உங்களுக்கு வேண்டியிருக்கும் என்பது தெரியும். அந்த வாரங்களில் நாங்கள் முறை வைத்து விடுப்பு எடுத்துக்கொள்கிறோம். வார நாளில் கல்யாணம் வந்தால் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
பிறை, பினாங்கு